கொறமாசப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?

(சேத்துப்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய சந்திப்பில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. கவிதை கொண்டு வரவில்லை. ஒரு டிஸ்சார்ஜ் சீட்டின் ஜெராக்ஸ் கொண்டு வந்திருக்கிறேன். அதுக்கு முன்னால் என் வேலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நான் வங்கியில் கிளார்க். என் கவுண்டரில் விரல் ரேகை வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. போன தை மாதம் ஒரு அம்மா தன் பதினாறு வயசுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பதினாறு வயசு, ஆனால் பத்து வயசுப் பையனின் உடம்பு. உதவித்தொகை வருகிற கணக்குக்கு ரேகை வைக்க வேண்டும். பையனின் கை மூடிக் கிடக்கிறது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற நாலு விரலும் அதன்மேல் பூட்டு மாதிரி. அம்மா விரிக்கிறார், கை மூடிக்கொள்கிறது. நானும் எழுந்து போய் விரித்தேன். மெஷின் ஏற்கவில்லை. மறுபடியும் வைத்தோம். ஏற்கவில்லை. கருவிழியை வைத்துப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. எங்கள் கிளையில் அந்த மெஷின் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணாங்களோ" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த அம்மா எந்தப் பக்கத்து மனுசி என்பது பாஸ்புக்கில் இருந்த முகவரியிலேயே தெரிந்தது. காலனி.

"எப்பம்மா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"மூணு வயசுல சார். அதுக்கு முன்னால எல்லாம் லேட்டா நடக்கும், லேட்டா நடக்கும்னே சொன்னாங்க."

"பொறந்தது?"

"கொறமாசம் சார். ஏழு மாசத்துல."

மூணு வயசு என்கிற அந்தக் கணக்கு எனக்குப் புதுசு இல்லை. எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான்.

என் அக்கா மகள் 2012இல் பிறந்தாள். 31 வாரத்தில். எடை 1,350 கிராம். இதை மேடையில் பேசலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேசு மாமா, ஆனா யாரையும் அழுவ வைக்காத" என்றாள். இதோ, முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் அழுகைக் கதையாகச் சொல்லப் போவதில்லை.

அக்கா அப்போது நெல் களத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் தள்ளித் தள்ளிக் காய வைக்கிற வேலை. ஏழாம் மாசம் முடிகிறவரை போனது. மாமா ஆரணியில் கூலித் தறி நெய்கிறவர். ஒரு விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை 24 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிழைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டு கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் அதில் என்ன பார்த்தேன்? மருந்து எத்தனை வேளை, தடுப்பூசி எந்தத் தேதி. அவ்வளவுதான். கடைசி வரியில் 'நியூரோ டெவலப்மென்டல் ஃபாலோ அப்' என்று எழுதியிருந்தது. அதற்குத் தேதி போடவில்லை, இடம் போடவில்லை. ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. டிகிரி படித்த நானும் கேட்கவில்லை. சீட்டை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தோம். 2015இல் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் 'மூளை முடக்குவாதம்' என்று சொன்ன பிறகுதான் அந்தச் சீட்டை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பதில் முதல் நாளே எங்கள் கையில் இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை. படித்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் மருத்துவம் படிக்கிற தோழர்கள் திருத்துங்கள்.

37 வாரம் முடியும் முன்னால் பிறந்தால் குறைமாதம். 2020இல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில், எந்த நாட்டையும்விட அதிகம். நம் ஊரில் ஒரு சொலவடை இருக்கிறது: ஏழாம் மாசப் புள்ள பொழைக்கும், எட்டாம் மாசப் புள்ள பொழைக்காது. (கிரேக்கர்களும் இதையே நம்பி, எட்டாம் மாதத்துப் பிள்ளை பற்றித் தனி நூலே எழுதி வைத்திருக்கிறார்கள். மூடநம்பிக்கைக்கு தேச எல்லை கிடையாது.) அது பொய். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்.

24 வாரத்திலிருந்து 32 வாரம் வரை மூளைக்குள் ஒரு வேலை நடக்கிறது. மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் ஓரமாக, மேலேயிருந்து கைகால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகள் இறங்குகின்றன. அந்த இழைகளுக்கு உறை போட வேண்டிய செல்கள் அப்போது முற்றாத நிலையில் இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலோ, தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று வந்தாலோ முதலில் சாவது அவைதான். அறைக்கு மிக அருகில் போவது கால்களுக்கான இழைகள். கைக்கானவை சற்றுத் தள்ளி, முகத்துக்கானவை இன்னும் தள்ளி. அதனால்தான் குறைமாதப் பிள்ளைகளில் பலருக்குக் கால்கள் மட்டும் அதிகம் விறைக்கின்றன. டாக்டர் படம் போட்டு இதை விளக்கியபோது எனக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. "பாவுல ஒரு ஓரத்து இழைங்க அறுந்துபோன மாதிரி. கரை கெடும். ஒடலு நெய்யலாம்" என்றார். டாக்டர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார்.

ஒன்றை மறக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த எல்லோருக்கும் இது வருவதில்லை. பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது. அதன்படி 28இலிருந்து 31 வாரத்தில் பிறந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 43 பேர். மீதிப் பேருக்கு இல்லை. அந்த 43 பேர் யார் என்று எப்போது தெரியும் என்பதுதான் கேள்வி.

ஹைன்ஸ் பிரெக்டல் என்று ஒரு மருத்துவர். ஆஸ்திரியாவில் பிறந்து, நெதர்லாந்தில் குரோனிங்கனில் வேலை செய்தவர். இவர் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. பிள்ளையைத் தொடவில்லை, தட்டவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, முழித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது வீடியோ எடுத்தார். எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிரசவ தேதியிலிருந்து கணக்கிட்டு மூன்று மாதம் ஆகும்போது, நல்லபடி வளர்கிற எல்லாப் பிள்ளைகளிடமும் ஒருவகைச் சின்ன அசைவு வருகிறது. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கும் சின்னச் சின்னதாய், எல்லாத் திசையிலும், ஓயாமல் ஓர் இழைவு. தொட்டிலில் படுத்தபடி புள்ள தானே 'வெளையாடுதே', அதற்குள் ஒளிந்திருக்கிற அசைவு. பாட்டிகள் தினமும் பார்ப்பதுதான். 1997இல் அவரும் கூட்டாளிகளும் 130 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். அந்த அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் பிற்பாடு நன்றாக இருந்தார்கள். அசைவு இல்லாத, அல்லது கெட்டுப்போயிருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது.

பயிற்சி எடுத்த கண் வேண்டும். அது ஒன்றுதான் செலவு. பெரிய மெஷின் தேவையில்லை. நம் பையில் இருக்கிற போன் அஞ்சு நிமிஷம் வீடியோ எடுத்தால் போதும். 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, திருத்திய வயது ஆறு மாதத்துக்கு முன்னாலேயே மூளை முடக்குவாதத்தை, அல்லது அதற்கான பெரிய ஆபத்தைச் சொல்லிவிடலாம் என்று எழுதினார்கள். திருத்திய வயது என்றால் பிறந்த தேதியிலிருந்து இல்லை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது.

மூணு மாசத்தில் சொல்ல முடியும். நம் பிள்ளைகளுக்கு மூணு வயசில் சொல்கிறார்கள். நடுவில் இருக்கிற இரண்டே முக்கால் வருஷம் யாருடையது? மருத்துவத்துக்குத் தெரியாத காலம் என்று அதைச் சொல்ல முடியாது. பார்க்க ஆள் வராத காலம் அது. நம் தெருவுக்குள் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது நமக்குப் பழைய கேள்விதானே.

அந்த இரண்டே முக்கால் வருஷம் சும்மா கிடப்பதில்லை. அதில் கர்மவினை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பரிகாரம், மந்திரிப்பு, ஜெபக் கூட்டம், கிரகணத்தில் வெளியே போனியா என்கிற விசாரணை. அக்கா தன்னையே எத்தனை ராத்திரி குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். போன ஜென்மத்துப் பாவம் என்று ஒரு விறைத்த காலை விளக்குகிறவனும், போன ஜென்மத்துப் பாவம் என்று சேரியை விளக்கியவனும் வேறு வேறு ஆள் இல்லை. ஒரே கருத்தியல். நமக்குச் சொன்னபோது காறித் துப்பினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது தலையாட்டுகிறோம். நம் தோழர்கள் வீடுகளிலேயே தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

இதே சேத்துப்பட்டில் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. தொழுநோயையும் பாவம் என்றுதான் சொன்னார்கள். 1873இல் நார்வேயில் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் நூறு வருஷம் சொன்னார்கள். 1980களில் கூட்டு மருந்து வந்தது. வீடு வீடாக வந்து முதுகில் தேமல் பார்த்தார்கள், ஊசியால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் உணர்ச்சியில்லாத தேமல் எது, சும்மா தேமல் எது என்று தெரியும். பள்ளிக்கூடம் போகாத மனுசி. சொல்லிக்கொடுத்தால் எங்கள் அம்மா பார்க்கும். தொட்டிலையும் பார்க்கும்.

இனி ஆராய்ச்சியின் அரசியலுக்கு வருகிறேன். 1862இல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர், பிரசவத்தில் ஏற்படும் கோளாறுதான் பிள்ளைகளின் இந்த விறைப்புக்குக் காரணம் என்று எழுதினார். 1897இல் நம்ம ஃப்ராய்ட், ஆமாம் அதே ஃப்ராய்ட்தான், மனதுக்குள் போவதற்கு முன்னால் நரம்பு மருத்துவராக இருந்தவர், அதை மறுத்தார். கஷ்டப் பிரசவம் காரணமாக இல்லாமல், முன்னாலேயே கருவில் நேர்ந்துவிட்ட ஒன்றின் விளைவாகவும் இருக்கலாம் என்றார். ரொம்ப காலம் யாரும் காதில் வாங்கவில்லை. 1980களில் பெரிய கணக்குகள் வந்தபோது, பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் ஒரு சிறு பங்கைத்தான் விளக்குகிறது என்று தெரிந்தது.

இன்னொன்று. குறைமாதம் இல்லை, மாசம் நிறைந்து பிறந்து மூச்சுத்திணறிய குழந்தைகளைப் பற்றியது. பணக்கார நாடுகளில் அவர்களின் உடம்பை மூன்று நாள் குளிர வைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்கள். அதை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் ஒன்று. முடிவு 2021இல் வந்தது. இங்கே குளிர வைத்ததால் ஊனம் குறையவில்லை. சாவு கூடியது: குளிர வைத்தவர்களில் நூற்றுக்கு 42, வைக்காதவர்களில் 31. இங்கே மூளைக்குச் சேதம் பிரசவ மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிறவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கேள்வி பிரசவ அறையிலிருந்து வெளியே வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களுக்குப் போகிறது. அந்த மாதங்களில் தாய் என்ன சாப்பிட்டாள், உடம்பில் ரத்தம் இருந்ததா, எத்தனை மூட்டை தூக்கினாள், காய்ச்சல் வந்தபோது யார் பார்த்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 2015-16 ஆய்வில், இந்திய அளவில், பட்டியல் சாதிகளில் ஆயிரம் குழந்தைக்கு 45 ஒரு வயசுக்குள் செத்தன. 'மற்றவர்கள்' என்ற வகையில் 32. இந்த ஒரு பிள்ளைக்கு இதனால்தான் இப்படி ஆனது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது. அக்காவிடம் அதை நான் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கூட்டமாகப் பார்த்தால் கணக்கு பேசுகிறது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்குப் பிரசவ காலப் பலன் தருகிற மசோதா வந்தது. முதலாளிகள் எதிர்த்தார்கள். அண்ணல் எழுந்து ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன், அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு, அவள் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளிக்கும் பங்கு என்பது அவர் வாதம். இப்போது 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. என் பக்கத்து கவுண்டர் மேடம் எடுத்தார்கள், நல்லபடி எடுக்கட்டும். நெல் களத்துக்கு? முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தவணைகளைக் கணக்கில் வரவு வைக்கிறவனே நான்தான். ஆனால் ஏழாம் மாசத்தில் "நாளைக்கு நீ வர வேணாம், கூலி வீட்டுக்கு வரும்" என்று எந்தக் களத்துக்காரன் சொல்கிறான்?

மருந்தும் ஒன்று இருக்கிறது. மெக்னீசியம் சல்பேட். நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும், உரக்கடையில் வாங்கி மணிலாவுக்குத் தெளிக்கிற அதே உப்பு. மருத்துவத் தரத்தில் அதை ஊசியாக, கர்ப்பகால வலிப்புக்கு நெடுங்காலமாகக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்த தாய்மாரின் குறைமாதப் பிள்ளைகளில் முடக்குவாதம் குறைவாக இருப்பதை 1995இல் அமெரிக்காவில் கரின் நெல்சனும் ஜூடித் கிரெதரும் கவனித்தார்கள். அப்புறம் முறையான சோதனைகள் நடந்தன. 32 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் தாய்க்கு இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. முடக்குவாதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை பெரிசு இல்லை. ஆனால் எத்தனையாவது வாரம் என்று தெரிந்திருக்க வேண்டும், தாய் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும், அங்கே அதைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் இருக்க வேண்டும்.

மூணு மாசத்தில் கண்டுபிடித்தால் குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். குணமாகாது. ஏமாற்ற மாட்டேன். சீக்கிரம் தொடங்குகிற பயிற்சியின் பலன், குறைமாதப் பிள்ளைகளின் நடையைவிட அறிவு வளர்ச்சியில்தான் தெளிவாகத் தெரிகிறது என்கின்றன ஆய்வுகள். ஆனால் தடுக்கக்கூடிய கொடுமைகள் இருக்கின்றன. விறைப்பு இழுத்து இழுத்து இடுப்பு மூட்டு கழன்றுவிடும். வலி உயிர் போகும். தெற்கு ஸ்வீடனில் 1994இலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் பதிவு செய்து, காலாகாலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு கழல்வதை ஏறக்குறைய இல்லாமலேயே ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில், தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, கையில் ஒரு செயலியோடு வீடு வீடாக அனுப்புகிறது. பின்னால் சிகிச்சையாளர்கள் வழிகாட்டுகிறார்கள். அரசும் 2013இல் சிறார் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நம் காலனி அங்கன்வாடிக்கு அந்தக் குழு கடைசியாக எப்போது வந்தது? மாணவத் தோழர்களே, இதை மனுவாகப் போட்டுக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது?

அதுவரை நாமே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். சீக்கிரமாகப் பிறந்த பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக் கடைசி வரி வரை படியுங்கள். திருத்திய வயதைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். நாலு மாசத்தில் தலை நிற்கவில்லை, கட்டைவிரல் எப்போதும் உள்ளேயே மடங்கியிருக்கிறது, துணி மாற்றும்போது கால் இரண்டும் கத்தரி மாதிரி விறைத்துக் குறுக்கே போகிறது, ஒன்பது மாசத்தில் உட்காரவில்லை என்றால் 'லேட்டா வரும்' என்று சொல்லாதீர்கள், கூட்டிப் போங்கள். ஒரு வயசுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும் அடையாளம்தான். நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? பீச்சாங்கையில் வாங்குது என்று கையில் ஒரு அடி போடுகிறோம். வலது கையில் அந்தப் பிள்ளைக்குப் பலம் இல்லை என்று நமக்குத் தோன்றுவதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. 'தடுக்க வேண்டும், தடுக்க வேண்டும்' என்று பேசிப் பேசி, இருக்கிற பிள்ளைகளை வந்திருக்கக் கூடாதவர்கள் ஆக்கிவிடக் கூடாது. பெயர் வைப்பதிலேயே அந்த வன்முறை இருக்கிறது. 'முடக்குவாதம்' என்கிறோம். இங்கிலாந்தில் 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல் தெருவில் வசைச்சொல் ஆனது. அந்தப் பெயரில் இருந்த சங்கமே 1994இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம்மை நாம் என்ன பெயரால் அழைத்துக்கொள்வது என்று இத்தனை காலம் சண்டை போட்டவர்களுக்கு இது புரியாமல் போகாது. அக்கா மகளிடம் கேட்டேன், உன்னை என்னன்னு சொல்லட்டும் என்று. "எட்டாங் கிளாஸ்னு சொல்லு" என்றாள்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாக்கரைப் பிடித்துச் சமதரையில் நடப்பாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி, வட்டிக் கணக்கில் என்னைப் பிடித்திருக்கிறாள். இந்த மண்டப வாசலில் மூணு படி இருக்கிறது. சாய்தளம் இல்லை. காலையில் இரண்டு தோழர்கள் அவளை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை, என் காதில் சொன்னாள். பிப்ரவரிக் கூட்டத்துக்கு இன்னும் இடம் பிடிக்கவில்லை என்று தோழர் சொன்னார். படி இல்லாத இடமாகப் பாருங்கள் தோழர்.